மழைத் தோட்டமும் பங்கிட்ட பொறுப்பும்

வானினின்று விழும் மழைநீர் மண்ணுள் இறங்குதல் இயற்கை. காட்டிலும் புல்வெளியிலும் பெய்யும் மழையில் ஒரு பகுதியை இலைகளும் வேர்களும் தாங்கிக்கொள்கின்றன. ஒரு பகுதி மெல்ல மெல்ல நிலத்தடிக்குச் செல்கின்றது. எஞ்சியதே ஓடையை அடைகின்றது. நகரத்திலோ இவ்வொழுங்கு மாறிவிடுகின்றது. கூரையும், தாரிட்ட சாலையும், சிமெந்துத் தளமும் நீரை உள்ளே விடுவதில்லை. ஆதலின் பெய்த மழை ஏறக்குறைய முழுவதும் சில நிமிடங்களுக்குள் கால்வாயை நோக்கி ஓடுகின்றது. ஓடும்போது அது வெறும் நீராக ஓடுவதில்லை. மோட்டார் வண்டிகள் சிந்திய எண்ணெய், புல்தரைக்கு இட்ட உரம், விலங்குகளின் கழிவு, மண், குப்பை ஆகியவற்றையும் வாரிக்கொண்டு ஆற்றிற் கலக்கின்றது.

இத்தீங்கைக் குறைப்பதற்கு அண்மைக் காலத்தில் கண்ட எளிய வழிகளுள் ஒன்று மழைத் தோட்டம். அதனை வெட்டுவது ஒரு நாள் வேலை. நடுவது மற்றொரு நாள் வேலை. பல்லாண்டு பேணுவதே அரிய வேலை. வீட்டுத் தோட்டமாயின் வீட்டுக்காரர் பேணுவார். பலர்க்கும் பொதுவான இடத்தில், ஒரு தேவாலய வளாகத்தில், அத்தோட்டம் அமைந்தால் அதனைப் பேணும் கடமை யாருடையது? அனைவருடையது என்று கூறிவிட்டால் போதுமா? மழைத் தோட்டம் பிறந்த மேரிலாந்து மாநிலத்தின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும்.

மழைத் தோட்டம் யாது?

மழைத் தோட்டம் என்பது குளமன்று, தொட்டியுமன்று. கூரையிலிருந்தோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்தோ வழிந்து வரும் நீரை ஏற்குமாறு, ஏறக்குறைய 4 முதல் 8 அங்குல ஆழத்திற்கு வெட்டி, அடியைச் சமனாக்கி, நீர் எளிதில் இறங்கும் மண்ணை இட்டு, அந்நிலத்திற்கே உரிய செடிகளை நட்ட பள்ளப் பாத்தியே அது. மழை பெய்யும்போது அதில் நீர் தேங்கும். மழை ஓய்ந்தபின் ஒரு நாளில், மிகுந்தால் இரண்டு நாளில், அந்நீர் முழுவதும் மண்ணுள் இறங்கிவிடும். ஏனைய நாள்களில் அது ஒரு பூந்தோட்டமாகவே காட்சி தரும்.

இதற்கு இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று நீர் நுழையும் வாய். மற்றொன்று பெருமழையில் மிகுந்த நீர் தீங்கின்றி வெளியேறும் வாய். கட்டடத்தின் அடித்தளம் ஈரம் உறாதவாறு குறைந்தது 10 அடி தள்ளியே இதனை அமைப்பர். உள்ளே வந்த நீரின் வேகம் அடங்கியதும் வண்டல் படிகின்றது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெய்க் கசடைச் சிதைக்கின்றன. செடிகள் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளை வேர் வழியே உறிஞ்சுகின்றன. அவ்வேர்களே மண்ணைத் துளைத்து நீர் இறங்குவதற்கு வழியும் செய்கின்றன.

இதன் ஆற்றலை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். வகுப்பறையிலும் இக்கணக்குப் பயன்படும். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்வதாகக் கொள்க. 1 அங்குலம் என்பது ஓர் அடியில் 12-இல் ஒரு பங்கு. ஆகவே கூரையில் விழும் நீர் ஏறக்குறைய 83 கன அடி; அதாவது 2,360 லிட்டர். 6 அங்குல ஆழமுள்ள தோட்டத்தில் இந்நீர் முழுவதையும் தேக்கிவைக்க 167 சதுர அடிப் பரப்பு வேண்டும். மழை பெய்யும்போதே மண் சிறிது நீரைக் குடித்துவிடுமாதலின், நல்ல மண்ணுள்ள இடத்தில் இதனினும் சிறிய தோட்டமே போதும்.

இனி அத்தோட்டத்தைப் பேணுவார் இல்லை என்று கொள்க. ஆண்டுதோறும் வண்டல் படிந்து 2 அங்குலம் மேடிட்டுவிட்டது. 6 அங்குலப் பள்ளம் 4 அங்குலப் பள்ளமாயிற்று. அது இப்பொழுது தாங்கக்கூடிய நீர் ஏறக்குறைய 1,570 லிட்டரே. மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் அழிந்துவிட்டது. வெளியிலிருந்து நோக்குவோர்க்குச் செடிகள் பசுமையாகவே தோன்றும். ஆனால் மழைத் தோட்டம் வெறும் தோட்டமாக மாறிக்கொண்டிருக்கும். பேணுதல் என்பது அழகுக்காக மட்டும் செய்வதன்று என்பது இதனால் தெளிவாகின்றது.

பிறந்த இடம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை அடுத்து, மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் என்னும் மாவட்டம் உள்ளது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 9,67,000. 1990-ஆம் ஆண்டில் அங்கே சோமர்செட் என்னும் குடியிருப்பை அமைக்க முற்பட்ட டிக் பிரிங்கர் என்பவர், மழைநீரைத் தேக்கப் பெரிய குட்டைகளை வெட்டும் வழக்கத்தை விடுத்து, வீடுதோறும் சிறு தோட்டங்களில் நீரை இறக்கினால் என்ன என்று எண்ணினார். மாவட்டச் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்த பொறியாளர் லாரி காஃப்மன் அவ்வெண்ணத்திற்குத் துணைநின்றார். வீடொன்றுக்கு 300 முதல் 400 சதுர அடி வரையுள்ள தோட்டங்கள் தோன்றின. குட்டை வெட்டுவதைவிடச் செலவும் குறைந்தது. 1993-ஆம் ஆண்டில் அம்மாவட்டமே இம்முறையை விளக்கும் கையேட்டினை வெளியிட்டது. அங்கிருந்தே இது பிற நாடுகளுக்கும் பரவியது.

இம்மாவட்டத்து ஓடைகள் யாவும் இறுதியில் செசபீக் விரிகுடாவைச் சேர்கின்றன. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அவ்விரிகுடா, அமெரிக்காவின் கழிமுகங்களுள் மிகப் பெரியது. ஆறு மாநிலங்களின் பகுதிகளும் தலைநகரும் அடங்கிய 64,000 சதுர மைல் நிலத்தின் நீர் அதில் வடிகின்றது. நண்டுக்கும் சிப்பிக்கும் பெயர்பெற்ற அந்நீர்நிலை, மிகுதியான உரச்சத்தினாலும் வண்டலினாலும் நலிவுற்றது. உரச்சத்து மிகுந்தால் பாசி பெருகும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறையும். மீனும் நண்டும் மூச்சுக்குத் திணறும். எனவே 2010 டிசம்பரில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், விரிகுடாவில் சேரத்தக்க நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் ஆகியவற்றிற்கு உச்ச வரம்பு விதித்தது. 2025-ஆம் ஆண்டுக்குள் வேண்டிய பணிகள் யாவும் முடிதல் வேண்டும் என்பது குறிக்கோள். அவ்வாண்டு வந்தபோது இலக்குகள் முழுவதும் எட்டப்படவில்லை. செய்ய வேண்டிய வேலை இன்னும் உண்டு.

தேவாலயம் ஏன் இதில் வருகின்றது?

தேவாலயத்தின் கூரை பெரிது. அதனினும் பெரிது அதன் வண்டி நிறுத்துமிடம். வாரத்தில் ஒரு நாள் நிறைந்து, மற்ற நாள்களில் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும் அத்தாரிட்ட தளம், மழையின் கண்ணுக்கு ஏழு நாளும் ஒன்றே. ஓர் ஏக்கர் தளத்தில் 1 அங்குல மழை பெய்தால் ஓடிவரும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். அந்நீர் தேவாலயத்தின் எல்லையில் நிற்பதில்லை. அடுத்த தெருவில் உள்ளவரின் நிலவறையிலும், கீழேயுள்ள ஓடையின் கரையிலும் அதன் விளைவு காணப்படும்.

2012-ஆம் ஆண்டில் மேரிலாந்து சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 9 பெரிய மாவட்டங்களும் பால்டிமோர் நகரமும், 2013 ஜூலை முதல் நாளுக்குள், மழைநீரால் வரும் மாசினைக் குறைக்கும் பணிக்கென்று தனிக் கட்டணம் விதிக்க வேண்டும் என்று அது பணித்தது. நீர் இறங்காத பரப்பு மிகுதியானால் கட்டணமும் மிகும் என்பது இத்தகைய கட்டணத்தின் பொதுவான அடிப்படை. எதிர்ப்போர் அதனை ‘மழை வரி’ என்று ஏளனம் செய்தனர். 2015-ஆம் ஆண்டில், கட்டணம் விதித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் நீக்கப்பட்டது. எனினும் பணிக்கு வேண்டிய பொருளை எவ்வாறேனும் திரட்டிக் காட்டும் கடமை நீங்கவில்லை.

சொத்து வரி செலுத்தாத தேவாலயங்களுக்கு இக்கட்டணம் புதுச்சுமையாக இருந்தது. காணிக்கையினால் நடைபெறும் சிறு திருச்சபைகள் வருந்தின. அப்பொழுது பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டம் ஒரு மாற்றுவழியை வகுத்தது. தன் நிலத்தில் மழைத் தோட்டம் போன்றவற்றை அமைக்க மாவட்டத்திற்கு உரிமை அளிக்கும் திருச்சபைக்குக் கட்டணத்தில் பாதி குறையும். நீரைக் காக்கும் கடமையை மக்களுக்கு எடுத்துரைக்கும் பணியில் ஈடுபட்டால் கால் பங்கு குறையும். புல்தரையையும் வளாகத்தையும் மாசு நேராத முறையில் பேணினால் மற்றொரு கால் பங்கு குறையும். கிறித்தவ தேவாலயங்கள் மட்டுமின்றிப் பிற இலாப நோக்கற்ற அமைப்புகளும் இதில் சேரலாம் என்றிருந்தது. செசபீக் பல்சமயக் கூட்டாளிகள் என்று பொருள்படும் பெயருடைய ஓர் அமைப்பும் மேரிலாந்தில் வழிபாட்டுச் சபைகளுக்கு இத்துறையில் வழிகாட்டி வருகின்றது.

ஈண்டு ஒன்று நினைத்தற்குரியது. கட்டணக் குறைப்பு என்பது வானினின்று வந்த கொடையன்று. ஒரு திருச்சபைக்குக் குறைந்த தொகை, பொதுப் பணப்பையில் குறைந்த தொகையேயாகும். தோட்டம் தன் வேலையைச் செய்யுமளவும் அக்குறைப்பு நியாயமானது. தோட்டம் தூர்ந்துபோய்க் குறைப்பு மட்டும் நிலைக்குமானால், அத்திருச்சபையின் சுமையை அண்டை வீட்டார் சுமக்கின்றனர் என்பதே பொருள். எனவே தோட்டத்தைப் பேணுதல் விருப்பத்தைப் பொறுத்த தொண்டாக மட்டும் நிற்பதில்லை. கொடுத்த வாக்கைக் காக்கும் கடமையாகவும் ஆகின்றது.

தோட்டம் அழியும் வகை

ஒரு பழங்கதை உண்டு. அரசன் ஒருவன், இரவில் ஊரார் ஒவ்வொருவரும் ஒரு குடம் பால் கொணர்ந்து தொட்டியில் ஊற்றுக என்று ஆணையிட்டானாம். மற்றவர் பால் ஊற்றுவர், என் ஒரு குடம் நீர் தெரியவா போகின்றது என்று ஒவ்வொருவரும் எண்ணினர். விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர்! பொதுப்பொறுப்பின் இடர்ப்பாடு முழுவதும் இக்கதையில் அடங்கியுள்ளது.

தேவாலயத் தோட்டத்தில் இது எவ்வாறு நிகழ்கின்றது? நடும் நாளில் நாற்பது பேர் வருவர். மண்வெட்டி போதாமற் போகும். போதகர் வேண்டுதல் செய்வார்; படம் எடுக்கப்படும். முதற் கோடையில் நீர் ஊற்ற ஐந்து பேர் இருப்பர். இரண்டாம் ஆண்டில் செடியின் பெயரறிந்த ஒருவர் மட்டும் களை பறித்துக்கொண்டிருப்பார். அவர் வேற்றூர் சென்றாலோ நோயுற்றாலோ அத்துடன் முடிந்தது. மெதடிஸ்டுச் சபை போன்றவற்றில் போதகரையும் ஆயர் வேறிடத்திற்கு மாற்றுவதுண்டு. புதிதாக வந்தவருக்கு அந்தப் பள்ளம் எதற்கென்றே தெரியாது.

இதற்குமேல் அறியாமையால் வரும் அழிவும் உண்டு. புல்வெட்டும் குத்தகையாளருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் இயந்திரத்தை உள்ளே ஓட்டிவிடுகின்றார். குளிர்காலத்தில் பனியை ஒதுக்குபவர், உப்புக் கலந்த பனி முழுவதையும் அப்பள்ளத்தில் குவிக்கின்றார். உப்பு செடியையும் மண்ணையும் கெடுக்கின்றது. உதவ வந்த அன்பர் ஒருவர் மில்க்வீட் என்னும் செடியைக் களை என்று எண்ணிப் பிடுங்குகின்றார். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அவ்வினச் செடியை மட்டுமே உண்டு வளரும் என்பதை அவர் அறியார். இவர்களுள் தீயவர் எவரும் இல்லை. யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வரையறுக்கப்படவில்லை. குற்றம் அங்கேதான் உள்ளது.

வண்டல் அடைத்தபின் நீர் இறங்காது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் தேங்கி நிற்கும். கொசு, முட்டையிலிருந்து முதிர்ந்து பறப்பதற்குப் பொதுவாக 7 முதல் 10 நாள் வரை ஆகும். இரண்டு நாளில் வற்றும் தோட்டத்தில் அதற்கு இடமேயில்லை. பேணாத தோட்டத்திலோ இடம் கிடைத்துவிடுகின்றது. உடனே, கொசு வளர்க்கும் குழி என்ற பழி எழும். மண்ணைக் கொட்டி மூடிப் புல் பதித்துவிடுவர். அதனைக் கண்ட பிற திருச்சபைகளும், இவையெல்லாம் ஒத்துவராதவை என்று கைவிடும். கெட்டுப்போன ஒரு தோட்டத்தால் ஏற்படும் இழப்பு அதன் பரப்பளவோடு நிற்பதில்லை.

வேலை பலருக்கு, பொறுப்பு ஒருவருக்கு

பொறுப்பைப் பங்கிடுதல் என்றவுடன் பெரும்பாலோர் செய்வது, ஆண்டின் 12 மாதங்களை 12 குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகும். இது நேர்மையான பங்கீடு போலத் தோன்றும். ஆனால் மேரிலாந்தில் ஜனவரியில் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மே மாதத்திலோ களை முளைத்து மண்டும். ஒரு குடும்பத்திற்கு ஓய்வும் மற்றொன்றிற்குப் பெருஞ்சுமையும் வாய்க்கும். அன்றியும், மாதந்தோறும் கை மாறுவதால் எது செடி, எது களை என்று ஒருவருமே கற்றுக்கொள்வதில்லை. ஆகவே காலத்தால் பிரிப்பதைவிட வேலையின் வகையால் பிரிப்பதே தக்கது.

வேலை மூவகைப்படும். முதலாவது, கண்டறிதல். பெருமழை பெய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒருவர் சென்று, நீர் இறங்கிற்றா, நுழைவாய் அடைபட்டுள்ளதா, கரை அரித்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இதற்கு உடல் வலிமையோ செடியறிவோ வேண்டா. தேவாலயத்திற்கு அருகில் குடியிருத்தலே தகுதி. முதியோர்க்கும் இது ஏற்ற பணி.

இரண்டாவது, கைவேலை. களை பறித்தல், வண்டல் அகற்றுதல், மரத்தூளும் பட்டையும் கொண்டு 2 அல்லது 3 அங்குல மூடாக்கு இடுதல், பட்டுப்போன செடிக்கு மாற்று நடுதல், முதலிரு ஆண்டுகளில் வறட்சியின்போது நீர் ஊற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். இதற்குப் பலர் வேண்டும். செடியறிந்த ஒருவர் அவர்களை நடத்தவும் வேண்டும். ஞாயிறு பள்ளி மாணவரும் இளைஞர் குழுவினரும் ஈண்டுப் பயன்படுவர். செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தால் பாதித் தவறு நீங்கும்.

மூன்றாவது, முடிவு செய்யும் அதிகாரமும் பணமும். மூடாக்கு வாங்குவது, குத்தகையாளருக்கு எழுத்தில் அறிவிப்பது, மாவட்ட அதிகாரிக்கு விடையளிப்பது, உடைந்த குழாயைச் சீர்செய்ய ஆளமர்த்துவது ஆகியவை தோட்டத் தொண்டரின் வேலையல்ல. நிலத்தைக் காக்கும் நிர்வாகக் குழுவின் வேலை. அக்குழுவில் பெயர் குறித்த ஒருவர் இதற்கு விடைசொல்ல வேண்டியவராக இருத்தல் வேண்டும். தோட்டத்திற்கென்று ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகையும் ஒதுக்கப்படுதல் வேண்டும். பணமின்றிப் பொறுப்பை மட்டும் கொடுப்பது, வாளியின்றித் தண்ணீர் இறைக்கச் சொல்வதை ஒக்கும்.

இம்மூன்றும் பிரிந்து நிற்பதோடு இணைந்தும் நிற்றல் வேண்டும். கண்டவர் யாரிடம் சொல்வது, செய்பவர் யாரிடம் கேட்பது என்பது ஒரே தாளில் எழுதப்பட்டிருத்தல் நலம். வேலையைப் பலர் பகிரலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் விடைசொல்பவர் ஒருவரே இருத்தல் வேண்டும். அவர் இல்லாதபோது மாற்றாள் யார் என்பதும் தெரிதல் வேண்டும்.

திருநாட்களும் பருவங்களும்

தேவாலயத்திற்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அதற்கென்று ஓர் ஆண்டு முறை முன்னரே இருக்கின்றது. தோட்ட வேலையை அதனோடு பொருத்தினால் எவரும் மறவார். குளிர்காலம் முழுவதும் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் புகலாக விடப்பட்ட காய்ந்த தண்டுகளை, உயிர்த்த ஞாயிறை ஒட்டி, இளவேனில் தொடங்கும்போது வெட்டலாம். அப்பொழுதே புது மூடாக்கும் இடலாம். பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டிய மே, ஜூன் மாதங்கள் களை பறிப்பதற்கு உரியன. ஜூலை, ஆகஸ்டு வெயிலில் இளஞ்செடிக்கு நீர் வேண்டும். அக்டோபரில் புதுச் செடி நடலாம். நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு முன், உதிர்ந்த இலைகள் நுழைவாயை அடைக்காதவாறு அகற்றுதல் வேண்டும். பனி விழுமுன் குத்தகையாளருக்கு நினைவூட்டுதல் வேண்டும். உரமிடும் வேலை எந்த மாதத்திலும் இல்லை; சத்தை வடிகட்டுதற்காக வைத்த செடிக்குச் சத்து ஊட்டுதல் பொருந்தாது.

எழுத்தும் கணக்கும்

மனிதர் மாறுவர், சபை நிலைத்திருக்கும். ஆகவே நினைவை மனிதரிடம் விடாமல் எழுத்தில் வைத்தல் வேண்டும். மேரிலாந்து விதிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. கட்டுமான அனுமதியின் பகுதியாகத் தனியார் நிலத்தில் மழைநீர் அமைப்பு ஒன்று ஏற்படுமானால், அதனைப் பேணுவதாக நிலவுடைமையாளர் உடன்படிக்கை எழுதித்தர வேண்டும். அந்நிலம் கைமாறினும் அவ்வுடன்படிக்கை பின்வருவோரையும் கட்டுப்படுத்தும். முதலாண்டிலும், அதன்பின் 3 ஆண்டுக்கு ஒருமுறையேனும், அவ்வமைப்பு ஆய்வு செய்யப்படுதல் வேண்டும் என்பதும் விதி.

அரசின் உடன்படிக்கை சட்டப் பொறுப்பு யாருடையது என்று மட்டும் சொல்லும். சனிக்கிழமை காலையில் மண்வெட்டி எடுப்பவர் யார் என்று சொல்லாது. அதற்குத் தேவாலயமே ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். தோட்டத்தின் வரைபடம், செடிகளின் பெயரும் இடமும், நீர் வரும் வழியும் போகும் வழியும், இறுதியாக வண்டல் எடுத்த நாள், செலவு, மழைக்குப்பின் நீர் இறங்க எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவை அதில் இடம்பெறல் வேண்டும். இவற்றுள் கடைசியாகக் கூறியதே மிகவும் இன்றியமையாதது. சென்ற ஆண்டு ஒரு நாளில் இறங்கிய நீர் இவ்வாண்டு இரண்டரை நாள் நின்றது என்று ஏடு கூறுமாயின், கொசுவும் பழியும் வருமுன்னரே நோயை அறியலாம். பொறுப்பினின்று விலகுபவர் புதியவருடன் ஒரு மழைநாளில் தோட்டத்தைச் சுற்றிவந்து குறிப்பேட்டைக் கையளிக்கும் வழக்கம் ஏற்பட்டால், ஒருவரின் பிரிவோடு தோட்டமும் மறைந்துபோகும் நிலை வாராது.

ஈண்டுள்ளோர்க்கு

சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டில் பொதுப் பயனீட்டுக் கழகம் துடிப்பும் அழகும் தூய்மையும் உடைய நீர்நிலைகளுக்கான திட்டத்தைத் தொடங்கியபின், மழைத் தோட்டம் என்னும் சொல் இத்தீவினர்க்கும் புதியதன்று. ஆயினும் இங்குள்ள நிலைமை வேறு. மழை மிகுதி, குளிர்காலமில்லை, ஆதலின் களைக்கும் ஓய்வில்லை. மேரிலாந்தில் பருவத்திற்கு ஒருமுறை செய்யும் வேலை இங்கே ஆண்டு முழுவதும் தொடரும். டெங்கிக் காய்ச்சல் அச்சமுள்ள நாடுகளில் தேங்கிய நீரைப் பற்றிய கண்டிப்பும் மிகுதி. எனவே தேவாலயமாயினும், கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், பள்ளிக்கூடமாயினும், அத்தகைய தோட்டத்தை அமைக்க எண்ணுவோர் செடிப்பட்டியல் எழுதுமுன் பெயர்ப்பட்டியல் எழுதுதல் நன்று.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், பள்ளிக் கூரையின் நீள அகலத்தை அளக்கச் சொல்லி, ஒரு மழைக்கு எத்தனை லிட்டர் நீர் ஓடுகின்றது என்று கணக்கிடச் செய்யலாம். அதன்பின், அந்நீரைத் தாங்கும் தோட்டம் ஒன்று இருந்தால் அதனை யார் யார் எவ்வெப்போது பேணுவது என்று ஒரு தாளில் எழுதச் செய்யலாம். முதற் கணக்கு விரைவில் முடிந்துவிடும். இரண்டாவதில், எல்லாரும் என்னும் சொல்லை அடித்துவிட்டு அங்கே ஒருவர் பெயரை எழுத வேண்டிய நிலை வரும்போது வகுப்பில் சிறிது அமைதி உண்டாகும். குடிமைப் பயிற்சி தொடங்குவது அவ்விடத்திலேதான்.